ஐம்பத்தேழு பேருக்கு மணம் தெரிந்தது

உட்கார் அமலி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்கார். டீ போடட்டுமா? காபி இந்த வீட்டில் கிடையாது. இருக்கிறது, ஆனால் குடிப்பதற்கு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றரைக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். என் மகன் ஜோவின், யு.கே.ஜி. படிக்கிறான். அவன் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம். அவன் முன்னால் இதையெல்லாம் நான் பேசுவதில்லை.

வாசலில் நின்று, "சிஸ்டர், நான் பனிமயம் மக" என்று நீ சொன்னதும் நான் கதவைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருப்பாய். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முகம் உனக்கு அப்பாவைப் போலத்தான் இருக்கிறது. குரல்தான் உன் அம்மாவுடையது. இன்றைக்கு ஓய்வு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

போனில் இருப்பதை இன்னொரு தடவை காட்டு. ஆமாம். எங்கள் ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்தான். நீ நர்சிங் படித்து, பயிற்சிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, பழைய காகிதங்களை ஒதுங்கவைக்கும்போது இது உன் கையில் கிடைக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது, பார். எழுத்து என்னுடையதுதான். நான் கான்வென்டில் படித்தவள். தூத்துக்குடியில் எங்கள் பள்ளியில் கையெழுத்துக்கென்றே தனியாகப் பரிசு உண்டு, நான்கு வருடம் நான்தான் வாங்கினேன். அந்த ரெஜிஸ்டர் முழுக்கப் புரட்டிப் பார், ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இருக்காது.

பெயர், காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மணம், கையொப்பம். ஐம்பத்தெட்டு வரி. முப்பத்தோராவது வரி உன் அம்மா. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. தொண்டை வலி இல்லை. மணம், 'தெரியவில்லை'. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. 'ப'வைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவாள்.

நீ கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு வேலைக்கு வரும்போதே அம்மாவுக்கு நோய் இருந்ததா, அது தெரிந்தே வந்தாளா? தெருவில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாய். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் எல்லோரோடும் நின்று சிரித்துப் பேசிவிட்டு நோயைப் பரப்பினாள் என்று. தெருக்காரர்கள் சொன்னால் தொலைகிறது. உன் அப்பாவும் இந்த ஐந்து வருடமாக அதையே சொல்கிறார் என்றாயே, அதுதான். அவருக்குக் காட்ட என் கையால் நாலு வரி எழுதித் தரவேண்டும் என்கிறாய்.

எழுதித் தருவதற்கு முன்னால் நடந்ததைக் கேள். கேட்டுவிட்டு நீயே சொல்லு, யார் மேல் தப்பு என்று.

அந்த நோய் வந்த வருடம் நீ பத்தாம் வகுப்பு படித்திருப்பாய். ஊரே பூட்டிக் கிடந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்து அனுப்பினால் முடிவு வர ஐந்து நாள், ஆறு நாள். அதுவும் நோயாளிக்கே பற்றாது. வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் எங்கே போய்ப் பார்ப்பது? அதனால் டாக்டர் ஞானதுரை ஒரு வழி கண்டுபிடித்தார். பகல் டியூட்டிக்கு வருகிற எல்லோரும் கேட்டிலேயே தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே சொல்ல வேண்டும். டாக்டரிலிருந்து கூட்டுகிறவர் வரை. யாருக்காவது ஓர் அறிகுறி இருந்தாலும் அப்படியே இரண்டாவது மாடிக்கு அனுப்பிவிட வேண்டும், வார்டுக்குள் விடக்கூடாது, வீட்டுக்கும் விடக்கூடாது. அந்த நோயில் மூக்குக்கு மணம் தெரியாமல் போகும் என்று அப்போது புதிதாகச் சொன்னார்கள். காய்ச்சலை மாத்திரை போட்டு மறைக்கலாம், மூக்கை மறைக்க முடியாது என்பார் டாக்டர். அதற்காக ஒரு சில்வர் டப்பாவில் காபித்தூள். நான் மூடியைத் திறந்து நீட்டுவேன், அவர்கள் மாஸ்க்கை இறக்கி மோந்து பார்த்து என்ன வாசம் என்று சொல்ல வேண்டும்.

பேனா ஐம்பத்தெட்டுக் கை மாறக்கூடாது என்று அவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். கையெழுத்து மட்டும் அவரவர் பேனாவால். முதல் வரி என்னுடையது. நான் மோந்து பார்த்து, 'தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தவர். முறை என்றால் முறை.

ஜோவினுக்கு அப்போது ஏழு மாதம். அவன் அப்பா கப்பலில் வேலை, எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்க விடாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். பிள்ளையை மதினிதான் பார்த்துக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போனால் பின்வாசல் வழியாகப் போய், வெந்நீரில் குளித்து, தலையையும் அலசி, பிறகுதான் அவனைத் தூக்குவேன். தூக்குகிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதை உனக்கு எப்படிச் சொல்வது? பசியில் அவன் கத்துவான், எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கும், ஆனால் கை நீளாது. தூக்கலாமா வேண்டாமா? எனக்கு இருக்கிறதா இல்லையா? அப்போது நான் எனக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். காலையில் காபி வாசம் தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன். புரிகிறதா அமலி? மற்றவர்களுக்கு அது ஒரு டப்பா. எனக்கு அப்படியில்லை.

டீ ஆறுகிறது, குடி.

இசக்கியண்ணனை உனக்குத் தெரியாது. ராத்திரி வாட்ச்மேன். நல்ல மனுஷன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன், செய்ததெல்லாம் செய்தாலும். டீக்கடை ஒன்றுகூடத் திறக்காத நாட்கள். நான் ஆறே முக்காலுக்குக் கேட்டில் மேஜையைப் போடும்போது, ஜெனரேட்டர் ரூம் பின்னாலிருந்து ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து தருவார். கரண்ட் அடுப்பு வைத்திருந்தார். "குடிங்க சிஸ்டர், பச்சப் பிள்ளக்காரி, ராத்திரி தூங்கியிருக்க மாட்டிய" என்பார். எனக்கு, லேபில் இருந்த பெண்ணுக்கு, மருந்துக் கடைப் பையனுக்கு, இன்னும் நாலைந்து பேருக்கு. துப்புரவுப் பெண்களுக்குக் கிடையாது. அவ்வளவு பேருக்கு எங்கே போவார், பாவம். நானும் அந்த டம்ளரைக் குடித்து முடித்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ரெஜிஸ்டரைத் திறப்பேன்.

உன் அம்மாவுக்கு முந்தைய மூன்று வாரமும் நைட் டியூட்டி. இந்த டப்பா பகலுக்கு மட்டும்தான். அந்தத் திங்கள்கிழமைதான் அவள் முதன்முதலாக டப்பா முன்னால் வந்து நின்றாள்.

உன் அம்மா மூக்கைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு, தெரியுமா? சின்ன வயதில் கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்தவளாமே. ஆண்கள் வார்டைக் கூட்டிக்கொண்டே வருவாள், ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள், "சிஸ்டர், ஏழாம் நம்பர்க்காரருக்குப் புண்ணு வாட மாறிட்டு, டாக்டரக் கூப்பிடுங்க" என்பாள். கட்டைப் பிரித்துப் பார்த்தால் சீழ் வைத்திருக்கும். டாக்டரே அவளை, "என்ன பனிமயம், இன்னைக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்சுதா?" என்று கேட்பார். அவளும் விடமாட்டாள். "முடிஞ்சு சார், நீங்க போயி கையெழுத்து மட்டும் போடுங்க" என்பாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

அன்றைக்கு மூடியைத் திறந்து நீட்டினேன். மாஸ்க்கை இறக்கினாள். மோந்தாள். இன்னும் கிட்டக் குனிந்து மோந்தாள்.

"என்ன வாசம் பனிமயம்?"

"ஒரு வாசமும் இல்லையே சிஸ்டர்."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். பாக்கக் காபித்தூளாட்டம் இருக்கு. வாசம் இல்ல. காஞ்ச மண்ண மோந்த மாதிரி இருக்கு."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சமையல்கட்டு ராசாத்தி, "ஏளா பனிமயம், காபின்னு சொல்லிட்டு உள்ள வாளா, நேரமாவுது" என்றாள். உன் அம்மா திரும்பி அவளைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"கண்ணு காபிங்குது, மூக்கு இல்லங்குது. நீங்க எத எழுதணும் சிஸ்டர்? கண்ணையா, மூக்கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒரு நிமிடம் முன்னால்தான் அவள் என் சாப்பாட்டுப் பையைக் கீழேயிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருந்தாள். அந்தப் பையில் ஜோவினுக்குப் பால் எடுத்து வைக்கும் புட்டி இருந்தது.

"நீங்க ஒருக்கா மோந்து பாருங்க சிஸ்டர்" என்றாள்.

பார்த்தேன். அவள் கண் முன்னாலேயே மாஸ்க்கை இறக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அமலி. என் பிள்ளைமேல் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் காபி வாசம் தெரிந்தது. தொண்டையிலிருந்து மூக்கு வரைக்கும் காபிதான்.

'தெரியவில்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டாள். "இதென்ன கூத்து, ஒடம்புல ஒண்ணும் இல்லாம ஆஸ்பத்திரியில படுக்கணுமாக்கும். ஒரு நாளாவது கால நீட்டி ஒறங்குதேன், போங்க" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனாள். படியில் ஏறும்போது அவள் கை பட்ட கம்பியை நான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. மற்ற ஐம்பத்தேழு பேரும் சொன்னார்கள். அவளும் 'காபி' என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது, உள்ளே போய் வாளியை எடுத்திருப்பாள். என்ன பிடிவாதம் அது? நான் ராத்திரி படுத்தால் உன் அம்மாவோடு இதைத்தான் சண்டை போடுகிறேன். ஏன் சொன்னாய், ஏன் சொன்னாய் என்று.

இரண்டாவது மாடி என்றால் தனி அறை என்று நினைக்காதே. பழைய பெண்கள் வார்டு. நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் சந்தேகம், அந்தப் பக்கம் காய்ச்சலோடு இருமிக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள். கழிப்பறை எல்லோருக்கும் ஒன்றுதான். இடம் இல்லை, என்ன செய்ய? உன் அம்மா மூக்கிலும் குச்சி விட்டு எடுத்து அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கேட்டில் மேஜை போட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல். "டெல்பின் சிஸ்டர்!" நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"சிஸ்டர், எனக்கு எல்லா வாசமும் வருது. பினாயில் வருது. எதுத்த கட்டில்காரி தலையில தேச்ச எண்ணெ வருது. கீழ நீங்க குடிக்கிற காபிகூட வருது. டாக்டருட்ட சொல்லுங்க."

என் கையில் டம்ளர் இருந்தது.

"ரிசல்ட் வரட்டும் பனிமயம்" என்றேன்.

"ரிசல்ட்டு என்னத்துக்கு? கொண்டாங்க அந்த டப்பாவ. இங்கேருந்தே சொல்லுதேன்."

"கீழே இறங்கக்கூடாது. ரூல்."

வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்கு இருந்த வேலையில் இதையெல்லாம் போய்ச் சொல்ல முடியுமா, நீயே சொல்லு. நீயும் நர்ஸ் ஆகப் போகிறவள்தானே.

அதற்குப் பிறகுதான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். புதன்கிழமையோ, சனிக்கிழமையோ, சரியாக நினைவில்லை. ஜெனரேட்டர் ரூம் பின்னால் குழாயில் கை கழுவப் போனேன். சுவரோரம் வெயிலில் ஒரு நியூஸ்பேப்பரை விரித்து, நாலு பக்கமும் கல் வைத்து, அதில் ஏதோ கறுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"இது என்னண்ணே?"

இசக்கியண்ணன் முதலில், "ரோஜாச் செடிக்கு ஒரம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மாஸ்க்கை இறக்கி, குழந்தை மாதிரி நின்றார்.

"சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீய. என்ன செய்ய? ஒரு கட கெடையாது. ராத்திரி பூரா முழிக்கணும்லா. மேஜை டிராயருக்குச் சாவி எங்கிட்டத்தான இருக்கு. டப்பாத் தூளுல கொஞ்சம் போட்டு வடிப்பேன். வடிச்ச சக்கையக் காயவச்சுத் திரும்ப டப்பாவுல போட்டுருவேன். அளவு கொறயாதுல்லா. நெறமும் அப்படியே இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லலையே? எல்லாரும் தெரியுது தெரியுதுன்னுதான சொன்னாவ?"

"எத்தனை நாளாக?"

"நல்ல தூளு தீந்து எட்டு நாளு இருக்கும். இப்ப எங்க வீட்டுலேருந்து கொஞ்சம் கொண்டாறேன். உங்களுக்குச் சக்கையில போட்டுத் தரல சிஸ்டர். சத்தியமா நல்ல தூளுதான்."

எட்டு நாள். அந்த எட்டு நாளும் ஒரு வாசமும் இல்லாத சக்கையை ஐம்பத்தேழு பேர் மோந்து பார்த்து, காபி காபி என்று சொல்லியிருக்கிறார்கள். என் கையெழுத்து அழகாக, 'தெரிகிறது, தெரிகிறது, தெரிகிறது' என்று இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. யாருக்கு மூக்கு இருந்தது, யாருக்கு இல்லை? யார் பொய் சொன்னார்கள்? டியூட்டி போய்விடக்கூடாது என்று சொன்னவர் யார், முன்னால் நின்றவர் சொன்னதைச் சொன்னவர் யார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் யார்? டாக்டர் தினமும் அந்தக் கணக்கைச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 'ஊழியரிடையே அறிகுறி இல்லை.' பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எங்கள் முறையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

நான் மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உன் அம்மா நினைவு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். முதலில் வந்த நினைவு என்ன தெரியுமா? அப்படியானால் நான் என்னத்தை மோந்தேன்? எட்டு நாளாக எந்த நம்பிக்கையில் பிள்ளையைத் தூக்கினேன்? எனக்கு இருக்கிறதா? என் மூக்கு செத்துப்போய்விட்டதா? அந்த நிமிடமே பெர்மிஷன் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். குளிக்கக்கூட இல்லை. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவன் தலையைப் போய் மோந்தேன். வாசம் வந்ததா? வந்தது போலவும் இருந்தது, நான் நினைத்துக்கொண்டதுபோலவும் இருந்தது. மதினி, "ஏ, என்ன செய்ற, குளிக்காம பிள்ளையத் தொட்டுட்ட" என்று கத்தினாள். பிள்ளை விழித்து அழுதான். அவன் தலை வாசம் உண்மையில் என் மூக்குக்கு வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் என் வீட்டுக் காபித்தூளைக் கொண்டுபோய் டப்பாவை நிரப்பினேன். புதுத்தூள், மூடியைத் திறந்தாலே தெருமுனை வரை அடிக்கும். ஐம்பத்தேழு பேர் வந்தார்கள். ஒருவர்கூட, "என்ன சிஸ்டர், இன்னைக்கு வாசம் தூக்குதே" என்று சொல்லவில்லை. நேற்று சொன்னதையே சொன்னார்கள். காபி. காபி. காபி. நானும் எழுதினேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றுதானே பார்க்கிறாய்? சொன்னால் என்ன ஆகும், யோசித்துப் பார். ஐம்பத்தேழு பேரையும் மாடிக்கு அனுப்ப முடியுமா? ஆஸ்பத்திரியைப் பூட்ட வேண்டியதுதான். இசக்கியண்ணன் வேலை போயிருக்கும், மூன்று பெண் பிள்ளைகள். அவர் தந்த காபியை நானும் குடித்திருக்கிறேன். நல்ல தூள் என்று அவர் சொன்னாரே, அது எந்தத் தூள்? நான் ஒருநாளாவது கேட்டேனா? கடை இல்லாத ஊரில் இந்த மனுஷனுக்குக் காபி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. டம்ளரைக் குடித்த வாயோடு டப்பாவை மோந்தால் காபி வாசம் வராமல் வேறு என்ன வரும்? அதைக்கூட இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான்... விடு.

அதோடு, உன் அம்மா ரிசல்ட் எப்படியும் வரத்தான் போகிறது, வந்ததும் தானாக இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. நோய் இல்லை என்று வந்தது. ஆமாம் அமலி. இல்லை என்றுதான் வந்தது. நான் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன், நானே நேரில் சொல்ல வேண்டும் என்று. திரையை விலக்கினால் அவள் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள். நெற்றி கொதித்தது. "சிஸ்டர், நேத்து ராத்திரியிலேருந்து பினாயில் வாசம் வரமாட்டேங்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுபடி குச்சி. இந்தத் தடவை இருக்கிறது என்று வந்தது. டாக்டர் முதல் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "இது தப்பாக வந்திருக்கும். திங்கள்கிழமையே மூக்கு போயிருந்ததே, ரெஜிஸ்டரில் இருக்கிறதே" என்றார். என் ரெஜிஸ்டர். அடித்தல் திருத்தல் இல்லாத ரெஜிஸ்டர். லேபை நம்பவில்லை, என் கையெழுத்தை நம்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினோராவது நாள் முடிந்தது. நீயும் உன் அப்பாவும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றதாகக் கேள்விப்பட்டேன். நான் வரவில்லை. எனக்குப் பிள்ளை இருந்தது.

அழாதே. தண்ணீர் குடி.

எங்கள் பள்ளியில் டிக்டேஷன் வைக்கும்போது மதர் வந்து நிற்பார்கள். தெரியாவிட்டால் இடம் விட்டுவிடு, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதாதே என்பார்கள். உன் அம்மா எந்த கான்வென்டில் படித்தாள்? மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்று ஒருமுறை சொன்னாள்.

இதோ, இதுதான் அந்த டப்பா. ரெஜிஸ்டரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், டப்பாவை நான் கொண்டுவந்துவிட்டேன். வாரம் தவறாமல் புதுத்தூள் மாற்றுகிறேன். தினமும் காலையிலும் சாயங்காலமும் ஜோவினை மோந்து பார்க்கச் சொல்வேன். என்ன வாசம் என்று கேட்பேன். அவன் அப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் திட்டுவார், நோய் போய் எத்தனை வருடம் ஆயிற்று, பிள்ளையைப் பைத்தியமாக்காதே என்று. அவருக்கு என்ன தெரியும், அவர் கடலில் இருந்தார். இவனுக்கு ஒன்றும் இல்லை என்று இவன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஹாரன் கேட்கிறதா? வந்துவிட்டான்.

வா கண்ணா. ஷூவைக் கழற்று. இது அமலி அக்கா. குட் ஆஃப்டர்நூன் சொல்லு. பையை அங்கே வை. ம், இங்கே வா, அம்மா பக்கத்தில் வா. இதோ...

கேட்டாயா அமலி? கேட்டாயா அவன் சொன்னதை?

"காபி" என்கிறான்.

என்னையே பார்த்துக்கொண்டு சொல்கிறான். நான் இன்னும் மூடியைத் திறக்கவே இல்லை.

நீ உள்ளே போய் விளையாடு கண்ணா. போ. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. போ.

பேனாவைக் கொடு அமலி. போனில் இருக்கும் அந்தப் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்தும் வைத்திருக்கிறாய் அல்லவா, அதையும் கொடு. முப்பத்தோராவது வரியில் எழுத ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் சரியாக இருப்பது அது ஒன்றுதான். முதல் வரியைத்தான் அடிக்க வேண்டும். எழுத்து கோணலாக வரும், பரவாயில்லை. உன் அப்பா படிக்க முடிந்தால் போதும்.

கீழே தேதி போட்டு எழுதுகிறேன். திங்கள்கிழமை பனிமயத்துக்கு நோய் இல்லை. டப்பாவில் வாசம் இல்லை. அவள் இருந்ததைச் சொன்னாள். டெல்பினுக்கு அது தெரிந்த நாள்...

சனிக்கிழமை இல்லை அமலி. புதன்கிழமை.